முகம் தேடும் பயம்
மேகா மஜும்தாரின் ‘எ பர்னிங்’ நாவலை முன்வைத்து

1

சங்க அகப்பாடல்களோடு பழக்கமுள்ளவர்களுக்கு அம்பல், அலர் என்ற இரண்டு சொற்களையும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஊர் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டால் அம்பல், அது மொட்டு. வாய்விட்டுப் பேச ஆரம்பித்துவிட்டால் அலர். மொட்டு விரிந்து பூவாகிவிட்டது. உரைகாரர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் அலரைக் களவுக் காதலின் சுவைகளில் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்து முடித்துக்கொண்டார்கள். எனக்கு உறுத்திய விஷயம் வேறு. அகப்பாட்டில் யாருக்குமே பெயர் கிடையாதுதான். இருந்தும் தூற்றப்படுகிறவளுக்கு ஓர் உடல் இருக்கிறது. மெலிகிற தோளும் கழலுகிற வளையும் காவல் போட்ட வீடும் இருக்கின்றன. தூற்றுகிறவர்களுக்கு என்ன இருக்கிறது? வெறும் வாய். ‘ஊர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட வாய்கள். அந்த ஊரை நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மேகா மஜும்தாரின் ‘எ பர்னிங்’ (2020) நாவலை வாசித்தபோது இந்தப் பழைய சொல்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது. மஜும்தார் கொல்கத்தாவில் பிறந்து, அமெரிக்காவில் மானிடவியல் படித்து, அங்கேயே பதிப்புத்துறையில் வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் எழுதிய இந்த முதல் நாவலுக்கு 2021-க்கான சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் கிடைத்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் விறுவிறுப்பான நாவல் என்று கொண்டாடின. விறுவிறுப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எழுதுகிறவர்களும் இயக்கங்களில் வேலை செய்கிறவர்களும் இதை வேறு மாதிரி வாசிக்க வேண்டியிருக்கிறது. பயந்துபோன ஒரு சமூகம் தன் பயத்துக்கு ஒரு முகம் தேடுகிறது. அதே சமூகம் அதே நேரத்தில் கொண்டாடவும் ஒரு முகம் தேடுகிறது. இரண்டு தேடலும் ஒரே கைபேசித் திரையில் நடக்கிறது. இவற்றுக்கு நடுவே சாட்சி சொல்ல வந்த மனுஷியின் கதி என்ன என்பதுதான் இந்தப் பிரதியின் மையக் கேள்வி என்று நான் வாசிக்கிறேன்.

2

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்துவிட்டால் கெட்டுப்போகிற நாவல் இல்லை இது.

கொல்கத்தாவில் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு குடிசைப்பகுதி, கோலாபாகான். அங்கே ஜீவன் என்ற இளம் முஸ்லிம் பெண். கிராமத்தில் சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் பறிகொடுத்து நகரத்துக்கு வந்த குடும்பம். துணிக்கடையில் வேலை பார்த்து, சொந்தச் சம்பளத்தில் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கியிருக்கிறாள். ஸ்டேஷனில் நின்ற ரயிலுக்கு யாரோ தீ வைக்கிறார்கள். நூற்றுக்கும் மேல் சாவு. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது என்று கதறுகிற ஒரு பெண்ணின் வீடியோ பேஸ்புக்கில் சுற்றுகிறது. ஜீவனும் பகிர்கிறாள். ஜனங்கள் சாவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அரசாங்கமும் பயங்கரவாதிதானே என்கிற பொருளில் ஒரு கேள்வியையும் எழுதிவிடுகிறாள். புரட்சி பண்ணுவதற்காக எழுதியது இல்லை. மத்தவங்களுக்கு விழுகிற மாதிரி நமக்கும் நாலு லைக் விழாதா என்கிற ஆசை.

சில நாளில் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போகிறது. பேஸ்புக்கில் அவளோடு நட்பாகப் பேசிவந்த முகம் தெரியாத ஓர் ஆள் பயங்கரவாத அமைப்புக்கு ஆள் பிடிக்கிறவன் என்கிறார்கள். ஸ்டேஷன் பக்கம் ஒரு பொட்டலத்தோடு போனதைப் பார்த்தோம் என்கிறார்கள். பொட்டலத்தில் இருந்தவை புத்தகங்கள். பக்கத்தில் வசிக்கும் லவ்லிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க எடுத்துப்போனவை.

லவ்லி ஒரு திருநங்கை. வீடு வீடாகப் போய் ஆசீர்வாதம் செய்து காசு வாங்கிப் பிழைக்கிறாள்; சாயந்தரம் நடிப்பு வகுப்புக்குப் போகிறாள். சினிமா நட்சத்திரமாவது அவள் கனவு. மூன்றாவது ஆள் பி.டி. சார். உதவித்தொகையில் படித்த ஜீவனுக்கு ஒரு காலத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். ஒரு பொதுக்கூட்டத்தில் எதேச்சையாகப் போய் நின்று, எதிர்க்கட்சியில் எடுபிடியாகி, காசுக்குப் பொய்ச்சாட்சி சொல்லி, படிப்படியாக மேலே போகிறார்.

மூன்று பேருமே ஏணியில் ஏற ஆசைப்பட்டவர்கள். மற்ற இருவரும் ஏறிவிடுகிறார்கள். ஜீவன் ஏற்றப்படுகிறாள், தூக்குமேடையில்.

3

அல்தூசர் 1970-இல் எழுதிய கருத்தியல் பற்றிய கட்டுரையில் ஒரு தெருக்காட்சி வரும். போலீஸ்காரன் முதுகுக்குப் பின்னாலிருந்து ‘ஏய்’ என்று கூப்பிடுகிறான். திரும்பிப் பார்க்கிற கணத்தில் அந்த ஆள் கருத்தியலின் தன்னிலையாகிவிடுகிறான். நம் சிறுபத்திரிகைகளில் இந்தக் காட்சி எத்தனையோ தடவை சொல்லப்பட்டுவிட்டது. இந்த நாவலுக்காக அதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். ஜீவனை முதலில் கூப்பிட்டது போலீஸ் அல்ல, கைபேசி. உன் மனசுல என்ன ஓடுது என்று பேஸ்புக் எல்லாரையும் கேட்கிறது. அன்பாகக் கேட்கிற மாதிரி இருப்பதால் திரும்பிப் பார்க்கிறோம் என்பதே உறைப்பதில்லை. வாக்குமூலம் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. பின்னால் வரும் போலீஸ் அதற்கு நகல் எடுத்துக் கையெழுத்து வாங்குகிறது.

இது ஏதோ கற்பனை மிகை என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2012 ஏப்ரலில் இதே கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, முதல்வர் மம்தா பானர்ஜியைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கைது செய்யப்பட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அதற்கு உதவியது. அந்தப் பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் செல்லாது என்று அடித்துப்போட்டது. அப்புறமும் மகாபாத்ரா வழக்கிலிருந்து விடுபட 2023 ஜனவரி ஆகிவிட்டது. ஒரு கார்ட்டூனுக்குப் பதினோரு வருஷம்.

நம் ஊர் உதாரணம் ஜீவனின் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக்கொடுத்தும் பலனில்லாமல், ஒரு குடும்பமே தீக்கு இரையானது. அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பெண்குழந்தைகள். கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் போட்டார். குழந்தை எரிகிறது, முதல்வரும் ஆட்சியரும் போலீஸ் அதிகாரியும் அம்மணத்தைப் பணத்தால் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். படம் இணையத்தில் தீயாகப் பரவியது. நவம்பர் 5-ஆம் தேதி சென்னையில் பாலாவைக் கைது செய்து நெல்லைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. அவரை உடனே வெளியே கொண்டுவந்தது எது? பெயர் தெரிந்த கலைஞர், குரல் கொடுக்கப் பத்திரிகையாளர்கள், வாதாட வக்கீல்கள். எரியும்போது நீ ஏன் பார்த்துக்கொண்டு நின்றாய் என்ற அதே கேள்வியை, பெயர் இல்லாத, குடிசையில் இருக்கிற, முஸ்லிம் பெண் ஒருத்தி கேட்டிருந்தால்? நாவல் தொடங்குகிற இடம் அதுதான்.

எரித்தவன் கையில் சிக்கவில்லை. பயம் அப்படியே இருக்கிறது. ‘யாரையாவது புடிச்சுக் காட்டு’ என்கிறது ஊர். காட்டுவதற்கு வாகான முகமாக ஒருத்தி, தன் போட்டோவையும் பெயரையும் போட்டு, தானே ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறாள்.

4

நாவலின் வடிவத்தில் எல்லாரும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஜீவனும் லவ்லியும் ‘நான்’ என்று தன்மையில் பேசுகிறார்கள். பி.டி. சாரின் கதை மட்டும் படர்க்கையில் நகர்கிறது. அதிகாரத்தின் பக்கம் போகிறவனுக்கு ‘நான்’ சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அவனுக்காகக் கட்சி பேசும், கோர்ட்டு பேசும், கடைசியில் அரசாங்கமே பேசும். ‘நான்’ என்று சொல்லிச் சொல்லி நிரூபிக்க வேண்டியவர்கள் மற்றவர்கள்தான். அவர்களுடைய ‘நான்’ நீதிமன்றத்தில் செல்லுபடியாவதில்லை.

ஜீவனின் சொற்கள் மூன்று தடவை அவளிடமிருந்து பறிக்கப்படுகின்றன. முதலில் பேஸ்புக் பதிவு. கேள்வி அங்கே தேசத்துரோகமாகிறது. அடுத்தது கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கிய வாக்குமூலம். மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரிய அதிர்ச்சி. பூர்ணேந்து என்ற பத்திரிகையாளன் சிறைக்கு வந்து பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறான். ஜீவன் நம்பித் தன் வாழ்க்கை முழுவதையும் சொல்கிறாள். சின்ன வயசில் ஊரைக் காலிபண்ண வந்த போலீசை எதிர்த்துக் கிராமமே நின்ற கதையும் அதில் வருகிறது. பத்திரிகையில் வெளிவரும்போது அது ஒரு பயங்கரவாதியின் பிள்ளைப்பருவமாக ஆகிவிட்டிருக்கிறது. பெரிய பொய் எதையும் அவன் சேர்க்கவில்லை. கத்தரித்தான், வரிசையை மாற்றினான், தலைப்பு வைத்தான். பிரதியைத் தொகுப்பது எப்படிக் கொலையாகும் என்று கேட்கிறவர்கள் இந்தப் பகுதியை வாசிக்கலாம்.

கத்தரிப்பது என்றால் என்னவென்று தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளன் 1991 ஜூனில் பிடிபட்டபோது வயது 19. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தடா சட்டத்தின் கீழ் எடுத்த வாக்குமூலம்தான் தூக்குவரை கொண்டுபோனது. அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரியே, ஓய்வு பெற்றபிறகு, 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார்: எதற்காக அந்த பேட்டரி என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. ஒரே ஒரு வாக்கியம் விடுபட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவிக்கிறவரை ஏறக்குறைய 31 வருஷம் உள்ளே. அந்த வருஷங்கள் பூராவும் பத்திரிகையில் வந்த அந்த ஒரே பழைய போட்டோ நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வாக்கியம் போனது; முகம் நின்றது.

ஆனால் அங்கே ஒரு அற்புதம்மாள் இருந்தார். அவரோடு நடக்க ஒரு கூட்டமும் சேர்ந்தது. ஜீவனுக்கும் ஓர் அம்மா இருக்கிறாள், உழைத்து ஓய்ந்தவள். அவளோடு நடக்க ஒரு சக்தி நாவலில் உருவாகவே இல்லை. இதை மஜும்தாரின் நேர்மை என்றும் சொல்லலாம், குறை என்றும் சொல்லலாம். குறை என்பது என் கட்சி. நிலம் பறிபோன குடும்பத்தின் கதையைச் சொல்கிற நாவல் அந்தக் குடும்பத்தை அதன் எதிர்ப்பு மரபிலிருந்து பிரித்தெடுத்துத் தனித்தனி ஆட்களாக்கி நகரத்தில் விடுகிறது. வங்காளத்தில் சிங்கூர், நந்திகிராம் நடந்தது 2006, 2007-இல். அந்த மண்ணிலிருந்து கிளம்புகிற நாவலில் இந்த மௌனம் பொருட்படுத்தத்தக்கது.

5

கொல்கத்தாவுக்கும் கயிற்றுக்கும் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. பள்ளிச் சிறுமியைப் பாலியல் வன்முறை செய்து கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்ட தனஞ்சய் சட்டர்ஜி, 2004 ஆகஸ்ட் 14 அன்று அலிப்பூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய வாரங்களில் தூக்குப்போட வேண்டும் என்று நகரத்தில் இயக்கமே நடந்தது; அப்போதைய இடதுசாரி முதல்வரின் மனைவியே அதில் முன்னால் நின்றார். தூக்குப் போடுகிற நாட்டா மல்லிக் வீட்டுவாசலில் கேமராக்கள் வரிசைகட்டின. வயசான ஓர் அரசாங்கக் கூலியாள் ராத்திரியோடு ராத்திரியாக நட்சத்திரமானார். இணையப் புகழ் என்பது வருவதற்கு முன்னாலேயே அதன் ஒத்திகை அங்கே முடிந்துவிட்டது.

அந்தக் காலத்தை நாவலாக்கியவர் மலையாளத்தின் கே.ஆர். மீரா. ‘ஆராச்சார்’ 2012-இல் வந்தது. 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கொல்கத்தாவில் பரம்பரை பரம்பரையாகத் தூக்குப்போடும் குடும்பத்தில் பிறந்த சேதனா என்ற பெண், ஒரு தொலைக்காட்சிச் சேனலின் பிடியில் சிக்குகிறாள். மீராவின் நாவலையும் மஜும்தாரின் நாவலையும் அடுத்தடுத்து வாசித்தால் பத்துப் பதினைந்து வருஷத்தில் என்ன மாறியது என்பது துலங்கும். சேதனாவின் காலத்தில் காட்சிக்கு ஒரு முதலாளி இருந்தான், ஒரு நிருபன் இருந்தான். கோபம் வந்தால் திருப்பி அடிக்க எதிரே ஓர் உடல் இருந்தது. ஜீவனின் காலத்தில் காட்சி எல்லார் பாக்கெட்டிலும் இருக்கிறது. யாரைத் திருப்பி அடிப்பது? மறுபடியும் அதே ‘ஊர்’.

ஃபூக்கோ 1975-இல் சொன்னது, பொதுச்சதுக்கத்தில் உடலைச் சிதைத்துக் காட்டிய தண்டனை மெல்ல மெல்லச் சுவர்களுக்குள் ஒளிந்துகொண்டது என்று. நம் காலத்தில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. தூக்கு விடியற்காலையில் சுவருக்குள்ளே ரகசியமாக நடக்கிறது. அதற்கான ஆரவாரம் பல மாசம் முன்னாலிருந்தே திரையில் நடந்து முடிந்துவிடுகிறது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005-இல் அஃப்சல் குருவுக்குத் தூக்கை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், சமூகத்தின் கூட்டு மனசாட்சி திருப்தியடைய வேண்டும் என்று பேசியது. 2013 பிப்ரவரி 9 அன்று குடும்பத்துக்குக்கூட முன்கூட்டித் தகவல் சேராமல் திகார் சிறையில் காரியம் முடிந்தது. கூட்டு மனசாட்சி என்கிற அந்தச் சொல்லை நான் அலர் என்று மொழிபெயர்ப்பேன். அதற்கும் முகவரி கிடையாது, அதற்கும் பசி எடுக்கும்.

6

பயத்தைப் பற்றிப் பேசும்போது கும்பல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் வழக்கம். மஜும்தார் கும்பலுக்குள் இருக்கிற ஓர் ஆளை எடுத்து வைத்துக் காட்டுகிறார். பி.டி. சார் கொடூரன் இல்லை. பசியோடு வந்த ஜீவனுக்குப் பள்ளியில் சாப்பிடக் கொடுத்தவர். அவள் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் படிப்பை விட்டுப் போய்விட்டாள் என்பது அவர் மனசில் கிடக்கிற முள். ‘நம்ம சோத்தத் தின்னுட்டு’ என்கிற அந்த மனநிலையை நாம் வேறு இடங்களில் கேட்டதே இல்லையா என்ன? தானம் கொடுக்கிறவன் எதிர்பார்க்கிற பணிவு கிடைக்காதபோது, வாங்கியவள் துரோகியாகிறாள். மதவெறிக்கு முன்னால் இந்தச் சின்ன மனத்தாங்கல் இருக்கிறது. மதவெறி அதற்கு ஒரு பெரிய சட்டை மாட்டிவிடுகிறது.

கிராமத்தில் மாட்டிறைச்சி வதந்தியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தைக் கும்பல் தாக்குகிற இடத்தில் பி.டி. சாரும் நிற்கிறார். நடுங்கிப்போகிறார். கட்சித் தலைவி பிமலா பால் அவரைத் தேற்றிவிடுகிறாள். அவ்வளவுதான், நடுக்கம் போய்விடுகிறது. 2015 செப்டம்பரில் தாத்ரியில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியின் மூலம் தெரியும். மதம் சம்பந்தப்படாத இடத்திலும் இதே இயந்திரம் ஓடும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். வடநாட்டிலிருந்து கடத்தல்காரர்கள் இறங்கியிருக்கிறார்கள் என்று அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகள்தான் முன்கதை. அந்த அடியையும் படம் எடுத்துப் பரப்பினார்கள். அந்த வருஷம் ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. பயத்துக்கு ரேஷன்!

7

லவ்லிக்கு வருவோம். நாவலின் அசலான துயரம் ஜீவனின் சாவில் இருப்பதாக எனக்குப் படவில்லை. அந்தச் சாவு முதல் பக்கங்களிலேயே முடிவாகிவிட்டது. லவ்லி கோர்ட்டுக்கு வருகிறாள். சிரிப்புக்கும் முணுமுணுப்புக்கும் நடுவே கூண்டில் நின்று, பொட்டலத்தில் இருந்தது எனக்கான புத்தகம்தான் என்று சாட்சி சொல்கிறாள். நாவலில் உண்மையைப் பகிரங்கமாகச் சொல்லும் துணிச்சல், சமூகம் மனுஷியாகவே மதிக்காத அவளுக்குத்தான் இருக்கிறது. பிறகு அவளுடைய நடிப்புப் பயிற்சி வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் பரவுகிறது. நேற்றுவரை கேலிசெய்த ஊர் இன்று அவளோடு படம் எடுத்துக்கொள்கிறது. சினிமா கூப்பிடுகிறது. கூடவே ஒரு நிபந்தனையும் வருகிறது, நாசூக்காக. அந்தத் தீவிரவாதிப் பொண்ணோட உன் பேர் சேர்ந்து வரக்கூடாது.

லவ்லி விலகிக்கொள்கிறாள்.

இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆயுசு முழுக்க விளிம்பில் நிறுத்தப்பட்டவளுக்கு முதல்தடவையாக ஒரு கதவு திறக்கிறது. அந்தக் கதவின் உயரம் எவ்வளவு என்பதைத்தான் நாவல் அளந்து காட்டுகிறது. சாட்சியைக் கழற்றி வெளியே வைத்தால்தான் உள்ளே நுழையலாம். சாட்சிக்கு எதிரே ஒரு நீதிபதி வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும், சொன்னதற்குப் பொறுப்பு வேண்டும். புகழுக்கு ரசிகன் போதும். ஊர் அவளைச் சாட்சியாக ஏற்க மறுத்து, ரசிக்க மட்டும் ஒப்புக்கொள்கிறது. ஒருத்தியைத் தூக்கில் போடுகிற விரலும் இன்னொருத்தியைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற விரலும் ஒன்றுதான் என்பது இங்கே வெட்டவெளிச்சமாகிறது.

லவ்லியின் மொழி பற்றி ஒரு சண்டை போட்டாக வேண்டும். அவளுடைய ஆங்கிலம் முழுக்க நிகழ்காலத் தொடர்வினையில் ஓடுகிறது. எல்லாமே ‘செய்துகொண்டிருக்கிறேன், நினைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்கிற தினுசில். ஆங்கிலம் கற்கிறவளின் துள்ளல் இது என்று ஆதரித்தவர்கள் உண்டு. சரி, ஆனால் வங்காளியில் நினைக்கிறவள் தனக்குள் பேசிக்கொள்ளும்போது எதற்கு ஆங்கிலத்தில் தப்புத்தப்பாக நினைக்க வேண்டும்? அவளுடைய சொந்த மொழியில் அவள் ஊரையே வாயடைக்க வைக்கிற பேச்சுக்காரி. பி.டி. சாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவருடைய மனவோட்டம் மட்டும் இலக்கணம் பிசகாமல் வருகிறது. மொழியின் படிநிலையை விமர்சிக்கிற நாவலே அந்தப் படிநிலையைத் தன் வாக்கிய அமைப்பில் திரும்பக் கட்டுகிறது. வட்டார வழக்கை விளிம்புநிலைப் பாத்திரத்தின் வாயில் மட்டும் வைத்து, கதைசொல்லிக்கு ‘நல்ல தமிழ்’ கொடுத்த நம் நாவல்களோடு நாம் போட்ட அதே சண்டைதான் இது. லவ்லியைத் தமிழில் கொண்டுவருகிறவர்களுக்கு இங்கே பெரிய வேலை இருக்கிறது: அவளுக்குக் கொச்சையைக் கொடுக்காமல் கம்பீரத்தைக் கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

8

கோவலன் கொலையுண்ட கதையை இந்த நாவலுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். கொல்ல வந்த காவலர்கள் ஒரு கணம் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று ஒரு குரல் எழுகிறது. பொற்கொல்லன் சிரித்துவிட்டுக் களவு நூலை அவிழ்க்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்க்கு உதவும் எட்டையும் அடுக்குகிறான். கள்வனாகத் தெரியாமல் இருப்பதே கள்வனின் திறமை என்று ஆகிவிடுகிறது. கள்வர் பற்றிய சொல்லாடல் கண்முன் நிற்கிற முகத்தை அழித்துத் தன் முகத்தை மாட்டிவிடுகிறது. அப்புறம் குடித்திருந்த ஒருவனின் வாள் போதும். ‘பார்த்தா சாதுவாத்தான் இருக்கா, அதான் சார் ஆபத்து’ என்று ஜீவனைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் அந்தக் களவு நூலைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

நாம் கண்ணகியின் சிலம்பை ஏந்தி மேடைதோறும் பேசியிருக்கிறோம். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிற மீதிக் கதையை மேடையில் கேட்டது குறைவு. கோவலன் கொலைக்குப் பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்க்கிறது. வறுமையும் வெப்புநோயும் வருகின்றன. நாடு பயந்துபோகிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலிகொடுத்துச் சாந்தி செய்கிறான். மழை பெய்துவிடுகிறது. ஒரு பொற்கொல்லன் செய்த பாவத்துக்கு ஆயிரம் பேர். அநியாயத் தீர்ப்புக்கு எதிராகப் பிறந்த காவியமே, அடுத்த அநியாயத்தை ஒரு வாக்கியத்தில் மங்கலமாக்கிக் கடந்துபோகிறது. அந்த ஆயிரத்தில் ஒருவனுக்கும் அங்கே பெயர் இல்லை.

நீதி கேட்கிற நாமும் இந்த வாக்கியத்துக்கு வெளியே இல்லை. நம் பக்கத்து நியாயத்துக்காகக் கிடைத்த போட்டோவைச் சுற்றுக்கு விடுகிறோம். ‘இவனைத் தெரிகிறதா பாருங்கள்’ என்று எழுதுகிறோம். முகம் தவறாகப் போனால் அழித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறோம். கையெழுத்து இயக்கத்தையும் பகிர்தலையும் சாட்சி என்று நம்பிக்கொள்கிறோம். சாட்சி என்றால் லவ்லி அன்று கூண்டில் நின்ற மாதிரி நிற்பது: பொட்டலத்தில் இருந்தது என்ன என்று தெரிந்ததைச் சொல்வது, சொன்னபிறகும் அங்கேயே இருப்பது. எழுதுகிறவர்களுக்கு அதில் குறிப்பான ஒரு பங்கு இருக்கிறது. விடுபட்ட வாக்கியம் எது, யார் கத்தரித்தார்கள், தலைப்பு யார் வைத்தது என்று ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் நின்று கேட்க வேண்டும். ஆரவாரம் ஓய்ந்து, வழக்கு மட்டும் வருஷக்கணக்கில் ஓடும்போதும் கேட்க வேண்டும்.

ஜீவன் என்றால் வங்காளியிலும் உயிர் என்றுதான் அர்த்தம். குறைகளோடுதான் என்றாலும் மஜும்தார் அந்த ஆயிரத்தில் ஒருத்திக்குப் பெயர் வைத்திருக்கிறார். வாசியுங்கள், வாசித்துச் சண்டை போடுங்கள்.